வெளிச்சம் பார்க்கத் துணை

மார்ச் 6

கப்பல் போய்விட்டது. இனி நவம்பரில்தான் விமானம். அதுவரை இந்தத் தென்துருவ ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்துச் சொச்சம் ஆண்களும் அவர்களுக்கு ஒரு டாக்டரும் அடைந்து கிடக்க வேண்டும். அந்த டாக்டர் நான்தான். மற்றவர்கள் கப்பல் மறையும்வரை நின்று கையாட்டினார்கள். எனக்கு விரல் விறைத்ததால் உள்ளே வந்து மருந்து அலமாரியைத் துடைத்தேன்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. போன வருடக் குழுவின் டாக்டர் கிளம்பும்போது சொன்னார், தினமும் இல்லாவிட்டாலும் தேதி போட்டு எதையாவது கிறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் இங்கே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும் என்று. அதற்காக எழுதுகிறேன். முடிவெட்டும் வேலையும் டாக்டர் தலையில்தானாம். கத்தி பிடிக்கத் தெரிந்தவன் என்ற முறையில்.

மார்ச் 19

இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். துருவ வெளிச்சம் வந்துவிட்டதாம். நானும் போனேன். வானத்தில் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் நீளமாகக் கிடந்தது. அவ்வளவுதான். ஆனால் செல்போனில் படம் எடுத்தால் அதே மேகம் பச்சைப்பசேல் என்று வருகிறது. மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இதைச் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை.

பரூவாவுக்கு மட்டும் பிடித்தது. அசாம்காரப் பையன், இந்த வெளிச்சத்தை ஆராய்வதுதான் அவன் வேலை. நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் குடிசையில் வானம் முழுவதையும் படமெடுக்கும் கேமரா வைத்திருக்கிறான். "பெரியது வரும்போது உங்கள் கண்ணுக்கே தெரியும் டாக்டர், பொறுங்கள்" என்றான். பொறுக்காமல் எங்கே போவது?

என் தம்பி நாயகம் சங்கரன்கோவிலிலிருந்து குரல் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கிறான், அப்பாவோடு இருக்கிறான். "அண்ணே, வந்துட்டாமே அந்த வெளிச்சம்? அண்ணி சொன்னாக. பச்சையாவா இருந்துச்சு? நம்ம கோயில் ஆடித்தபசு சீரியல் லைட்டு மாதிரியா, இல்ல அதவிடப் பெருசா? சும்மா நல்லாருந்துச்சுன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிராத, வெளக்கமாச் சொல்லு." சாம்பல் நிற மேகம் என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 11

காலையில் நிலையத் தலைவர் வர்கீஸ் மருத்துவ அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பல்வலி என்று நினைத்தேன். பரூவாவின் அம்மா ஜோர்ஹாட்டில் இறந்துவிட்டார்.

போன வருடம் மலையில் நடந்த பனிப் பயிற்சியின்போது வர்கீஸ் எங்கள் ஒவ்வொருவரையும் தனியாக நடக்கக் கூட்டிப்போய் ஒரு கேள்வி கேட்டார். குளிர்காலத்தில் வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் உடனே சொல்லவா, விமானம் வந்தபிறகு சொல்லவா? உடனே சொன்னாலும் யாரும் திரும்பிப் போக முடியாது. அதனால்தான் இந்தக் கேள்வி. பதிலை வீட்டாருக்கும் சொல்லி வைத்துவிடுவார். இடையில் அந்த ஆளே வாய்விட்டுக் கேட்டால் ஒளிக்கக் கூடாது, அதுவும் பேச்சு. சமையல்காரர் மிக்கேல் உடனே சொல்லச் சொன்னார். பரூவா பிறகு என்றான். நானும் பிறகு என்றேன். ஓட்டலில் காப்பியா டீயா என்று கேட்டால்கூட அதைவிட அதிகம் யோசித்திருப்பேன்.

இப்போது என் வேலை, மற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது. பரூவா குடிசைக்குப் போன நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவனிடம் மரியாதை காட்டாதீர்கள், மரியாதைதான் காட்டிக்கொடுக்கும். எப்போதும்போல் திட்டுங்கள். இனிப்பு செய்து கொடுக்காதீர்கள். தனியாக மட்டும் விடாதீர்கள்.

"அவன் அந்தக் குடிசையிலதான் கெடையாக் கெடக்கான். அங்க என்னன்னு சொல்லிட்டுப் போறது டாக்டரே?" என்று மிக்கேல் கேட்டார். தூத்துக்குடிக்காரர். தமிழில் பேச எனக்கு இங்கே அவர் ஒருவர்தான்.

வெளிச்சம் பார்க்க ஆசை என்று சொல்லிக்கொண்டு போங்கள் என்றேன்.

ஏப்ரல் 14

முடி வெட்டினேன், ஆறு தலை. தண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டும் முறை எனக்கு. தோள் வலி.

ஏப்ரல் 27

நிலையத்தில் எல்லோருக்கும் வெளிச்சப் பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பரூவா நினைக்கிறான். தினமும் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போகிறோம். ஜெனரேட்டர் பார்ப்பவர்கூட, அவர் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார், "இன்றைக்கு எந்தப் பக்கம் வரும் பரூவா?" என்று கேட்கிறார். அவனுக்கு முகம் மலர்ந்து போகிறது. சூரியனிலிருந்து துகள்கள் கிளம்பி வந்து காற்றில் மோதுவதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறான். அம்மாவை இரண்டு வாரத்துக்கு மேலாகப் போனில் பிடிக்க முடியவில்லை, மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாராம், அங்கே சிக்னல் இல்லையாம் என்றும் சொன்னான். அதை அவன் அக்கா சொன்னாளாம்.

இன்று என் முறை. கூட மிக்கேல். மிக்கேலுக்குக் குளிரும் ஆகாது வெளிச்சமும் ஆகாது. சாக்குமூட்டைபோல் போர்த்திக்கொண்டு வந்து நின்று, "ஆஹா, என்னமா இருக்கு, என்னமா இருக்கு" என்று ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்துச் சொன்னார். மேகம் மூடியிருந்தது. நான் இருமிச் சமாளித்தேன்.

மே 12

கழிப்பறைக் கழிவை எரிக்கும் எந்திரம் பழுது. அதைப்பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை.

மே 22

சூரியன் நேற்றோடு சரி. இனி இரண்டு மாதம் வராது. மத்தியானத்தில் வடக்கே கொஞ்சம் சிவக்கிறது, பிறகு அதுவும் போய்விடுகிறது. சாப்பாட்டு மணி அடித்தால்தான் பகல் என்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி வீட்டுக்குப் பேசினேன். அப்பா என் மனைவி மங்கையிடம், எங்கள் திருநெல்வேலி வீட்டுக்கு, கண் பரிசோதனைக்காக வந்திருந்தார். நாயகம்தான் கொண்டுவந்து விட்டானாம். அப்பாவுக்கு என்னிடம் கேட்க இரண்டு கேள்விதான். சாப்பிட்டியா, குளிரு ரொம்பவா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போனை மங்கையிடம் கொடுத்துவிடுவார்.

நாயகத்தின் மெசேஜ் ஆறு சேர்ந்து கிடக்கிறது. எல்லாமே வெளிச்சம்தான். "அண்ணே, கடைக்கு வாரவன்ட்ட எல்லாம் எங்கண்ணன் அங்கதான் இருக்காரு, தெனமும் பாக்காருன்னு அளந்து விட்டிருக்கேன். ஒருத்தன் அதுக்குச் சத்தம் உண்டான்னு கேக்கான். உண்டா? சட்டுனு சொல்லு, மானம் போவுது." பரூவாவிடம் கேட்டுவிட்டு, சத்தம் இல்லை என்று எழுதினேன். அவனுக்கு வயது முப்பத்தாறு.

ஜூன் 9

மிக்கேல் இன்று காரணமில்லாமல் என்மேல் பாய்ந்தார். சமையலறை உதவி முறை எனக்கு. "மாவு பெசையத் தெரியுமா தெரியாதா டாக்டரே? இம்புட்டுப் படிச்சு என்ன பிரயோசனம்? கையா அது, ஒலக்கையா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றார். எங்களிடம் வெங்காயம் தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது, இப்போது போடுவது பொடி.

பனிக்கட்டி வெட்டும் வேலையிலிருந்து வர்கீஸ் என்னை எடுத்துவிட்டார். டாக்டர் தோள் நிலையத்துச் சொத்தாம்.

ஜூன் 10

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மங்கை கூப்பிட்டாள். வீடியோ வேண்டாம், நெட் சரியில்லை என்றாள். சளி பிடித்த குரல். ஆவி பிடிக்கச் சொன்னேன். மகள் ஆதிரை இரண்டு வார்த்தை பேசினாள். அப்பா எங்கே என்றேன். "மாமாவுக்குக் காது மெஷின் ரிப்பேருங்க. போன்ல ஒண்ணும் கேக்காது. சரியானதும் பேசச் சொல்றேன்."

அப்பாவுக்குக் காது மெஷின் இருப்பதே எனக்குத் தெரியாது. கண்ணுக்குப் போன இடத்தில் காதையும் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 14

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மிக்கேல் வந்து பக்கத்தில் நின்றார். "டாக்டரே, வாரீங்களா? வெளிச்சம் பாக்கப் போலாம்."

இட்லியை வாயில் வைத்தவன் மெல்வதை மறந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு மென்றேன். வருகிறேன் என்று சொன்னேன்.

வெளியே பரூவா வழக்கம்போல் குடிசை வாசலில். நானும் மிக்கேலும் அவன் இரண்டு பக்கமும் நின்றோம். மிக்கேல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதருக்கு நடிக்கவே வராது. வெளிச்சம் ஒன்றும் பிரமாதமில்லை.

ஜூன் 21

நடுக்குளிர்கால விருந்து. இந்தக் கண்டத்தில் உள்ள எல்லா நிலையங்களும் இன்று கொண்டாடுகின்றன. மிக்கேல் பிரியாணி செய்தார். பாட்டு, ஆட்டம். ஒவ்வொருவராக வந்து என்னை நன்றாகத் திட்டினார்கள். என் முடிவெட்டு மோசம் என்று நான்கு பேர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள். வர்கீஸ் சொல்லிக்கொடுத்திருப்பார். இனிப்பு மட்டும் எனக்கு வரவில்லை. மற்ற எல்லோருக்கும் கேசரி.

நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற நோயாளிகள் எனக்கு ஊரில் வாய்த்ததில்லை.

ஜூன் 24

எழுதிவிடலாம். அப்பா போய்விட்டார்.

யாரும் சொல்லவில்லை. ஆனால் நாடி பிடித்துப் பார்க்க இதில் ஒன்றுமில்லை. மங்கை பேசுகிறாள், ஆதிரை பேசுகிறாள், அப்பா பேசுவதில்லை. வயது எழுபத்தொன்பது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். நான்தான் போட ஏற்பாடு செய்தேன். ஜூன் முதல் வாரமாக இருக்கும். மங்கையின் சளி அழுத சளி.

மூத்த மகன் நான் இல்லாததால் நாயகம் கொள்ளி வைத்திருப்பான். நன்றாகவே செய்திருப்பான், எனக்கு அந்தக் காரியங்களில் எது முன் எது பின் என்றுகூடத் தெரியாது. அவனிடமிருந்து இந்த மாதம் ஒரு மெசேஜும் இல்லை. பொய் சொல்ல வராது அவனுக்கு, சின்ன வயதிலிருந்தே. பேசினால் உளறிவிடுவோம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். பாவம்.

கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேட்டபிறகு என்ன செய்வது? இங்கிருந்து எங்கே போவது? கேட்காதவரை ஞாயிற்றுக்கிழமை வரும்போது, அப்பாவுக்குக் காது மெஷின் சரியாகிவிட்டதா என்று விசாரிக்கலாம். விசாரித்தேன். இன்னும் இல்லையாம்.

தூக்கம் சரியாக இல்லை. மாத்திரை போட்டேன்.

ஜூன் 30

பல் பிடுங்கினேன், வர்கீஸுக்கு. நிஜமாகவே சொத்தைதான்.

ஜூலை 5

மூன்று மணி இருக்கும், சாயங்கால டீக்கு முன்னால். பரூவா மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் திறந்து, "எல்லோரும் வெளியே வாருங்கள்" என்று கத்தினான். கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மிக்கேல் என் பின்னாலேயே வந்தார்.

சாம்பல் நிறம் இல்லை. என் கண்ணுக்கே பச்சை. கிழக்குக் கோடியில் ஆரம்பித்து எங்கள் தலைக்கு மேல் வரை ஒரே வீச்சில் வந்தது, யாரோ ஈர வேட்டியை உதறிக் கொடியில் போட்டதுபோல. போட்டதும் அது நிற்கவில்லை. மடிந்தது, விரிந்தது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. கீழ்க்கரையில் ரோஜா நிறம். பனி பச்சையாகிவிட்டது, பக்கத்தில் நின்ற மிக்கேலின் தாடி பச்சை. பிறகு உச்சியில் ஓரிடத்தில் எல்லாம் ஒன்றுகூடி அங்கிருந்து நாலாபக்கமும் எங்கள்மேல் கொட்டியது. பயந்து குனிந்துவிட்டேன். சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடக்கிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. ஜெனரேட்டர்காரர் கைகூப்பிக்கொண்டு நின்றார், இந்த முறை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பரூவா தன் கேமராவை மறந்து மல்லாந்து பனியில் படுத்துக்கிடந்தான்.

எனக்குத் தாங்கவில்லை. கேட்காமல் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"மிக்கேல், எங்க அப்பா என்னைக்கு எறந்தாங்க?"

மிக்கேல் திரும்பினார். "என்ன டாக்டரே சொல்லுதீங்க?"

"எனக்குத் தெரியும். தேதி மட்டும் சொல்லுங்க."

"ஒங்க அப்பாவா? ஒங்க அப்பா நல்லாருக்காங்க டாக்டரே. மாதா சத்தியமா நல்லாருக்காங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் எனக்குத் தெரிந்திருக்கும். சந்தோஷம் என்று நான் இதுவரை எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ தெரியாது, அப்போது வந்ததுதான் சந்தோஷம். அப்பா இருக்கிறார். மங்கை இருக்கிறாள், குழந்தை இருக்கிறாள். நான் தப்பாக நாடி பிடித்துவிட்டேன், யாரும் சாகவில்லை. அண்ணாந்து பார்த்தேன். வானம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நாயகத்துக்கு இன்றைக்காவது இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்படித் தோன்றிய உடனே சிரிப்பை நிறுத்தி மிக்கேலைப் பார்த்தேன்.

மிக்கேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைவர்ட்டக் கேட்டுட்டு…" என்றார். பிறகு, "நீங்க கேட்டுட்டீங்கல்லா. கேட்டா ஒளிக்கக் கூடாதுல்லா" என்று அவரே சொல்லிக்கொண்டார். "தம்பி, டாக்டரே. ஒங்க தம்பி."

அழுதது மிக்கேல்தான். தாடியில் உறைந்துவிடும், துடைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜூலை 6

மாவு பிசைந்தேன்.

ஜூலை 7

வர்கீஸ் தன் அறையில் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். நேரக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றார்.

மங்கை எல்லாம் சொன்னாள். கழுகுமலைப் பக்கம் யாருக்கோ டிராக்டர் பேட்டரி கொடுத்துவிட்டு பைக்கில் திரும்பியிருக்கிறான். லாரி. அந்த இடத்திலேயே. ஜூன் ஏழு.

"யாரு கொள்ளி வச்சா?" என்றேன்.

"மாமாதாங்க. வேற யாரு இருக்கா? நீங்களும் இல்ல, அவருக்குக் கல்யாணமும் ஆகல. நிக்க முடியாம ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க."

காரியம் முடிந்ததும் அப்பாவை மங்கை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாளாம். காது மெஷின் எதுவும் இல்லையாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாராம். பேசி முடித்தாயிற்று என்று ஆதிரை போய்ச் சொன்னபிறகுதான் வீட்டுக்குள் வருவாராம். வாயைத் திறந்தால் பையனுக்குத் தெரிந்துபோகும், அவன் அங்கே ஒத்தையில் கிடக்கிறான், தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறான் என்பாராம். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் பேசவில்லையாம். தப்பித்தவறி எனக்கு யாராவது மெசேஜ் அனுப்பிவிடக் கூடாதே என்று வாசலில் வைத்தே சொல்லி அனுப்பினாராம்.

நான் மலையில் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் அதைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்திருக்கிறார்.

என்னைப் பார்த்து எனக்கே கசந்தது. அதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் நீ எதுவும் சொல்லாதே, நானே பேசுகிறேன், ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறங்கவிடாமல் மட்டும் பிடித்துவை என்று சொன்னேன்.

ஜூலை 8

பரூவாவின் விஷயமாக வர்கீஸிடம் பேசினேன். அவனிடம் மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும், பதில் அதேதான் என்றால் அப்படியே விடலாம், ஆனால் அவனுக்காக வீட்டில் ஒருவர் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றேன். அதைச் சொன்னாலே அவனுக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டார். தெரிந்துவிடும் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

சாயங்காலம் பரூவா குடிசையில் தனியாகத்தான் போய் உட்கார்ந்தேன். மேகம். "உங்கள் தம்பி கேட்டாரே, சத்தம் உண்டா என்று. சிலர் மெல்லிய சரசரப்பு கேட்டதாகச் சொல்கிறார்கள் டாக்டர். நான் கேட்டதில்லை" என்றான். என் தம்பி இறந்ததை அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

மங்கை எடுத்தாள். "மாமா, உங்களுக்குத்தான்" என்று சொல்வது கேட்டது. அப்பா வேண்டாம் என்று சொல்வதும் கேட்டது. அப்புறம் மூச்சுச் சத்தம்.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டேம்ப்பா."

"குளிரு ரொம்பவா?"

"ரொம்பத்தாம்ப்பா."

இத்தோடு போனைக் கொடுத்துவிடுவார் என்று அவசரமாக வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார். எத்தனை நாள் சொல்லிப் பார்த்துவைத்ததோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் நிறுத்தாமல் சொன்னார்.

"தம்பி கடைக்குப் போயிருக்காம்யா. நல்லாருக்கான். வந்ததும் ஒனக்குப் பேசச் சொல்லுதேன்."

"அப்பா" என்றேன். "எனக்குத் தெரியும்ப்பா."

இங்கிருந்து பேசினால் அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். காத்திருந்தேன். போய்ச் சேர்ந்த பிறகும் காத்திருந்தேன்.

"நான் சொல்லலய்யா" என்றார். "சத்தியமா ஒருத்தர்ட்டயும் நான் சொல்லல."

"நீங்க சொல்லலப்பா. நாந்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே ஒளிக்க வேண்டாம்."

"அப்படியா?"

"ஆமாப்பா."

"அப்ப ஒங்கிட்ட அவனப் பத்திப் பேசலாமாய்யா?"

பேசுங்கள் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அன்னைக்குக் காலைல" என்று ஆரம்பித்தார், "ரெண்டு தோச போதும்னுட்டான்யா. மூணாவது வாத்து வச்சிருந்தேன், திங்காமப் போயிட்டான்."